மந்திரி இல்லாத மாகாணத்துக்கு நான் சொன்ன ஆலோசனை

1

இந்த நாட்டில் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் நிறைந்த வாரத்தில் இதை எழுதுகிறேன். இத்தகைய நாள்களில் ஊருக்கு எழுதுகிறவர்கள், வந்த இடத்தில் பெற்றதையும் விட்ட இடத்தில் இழந்ததையும் எடைபோடுவது வழக்கம். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் என்னைப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணமான தவறு என்னுடையது. ஆகவே அதைத்தான் எழுத வேண்டும்.

நான் ஆஸ்திரேலியாவின் தென்புற மாநிலம் ஒன்றில் அரச ஊழியர். அந்த மாநிலத்தின் நிறைவேற்றுப் பேரவைக்குச் செல்லும் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. என் அக்கா ஸ்டெல்லா, நான் பிறந்த தீவில், இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபர். நான்கு ஆசிரியர்கள், அறுபத்துமூன்று பிள்ளைகள். என் வேலையைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் அவள், "என் தங்கச்சி கவர்னருக்குக் கடுதாசி நீட்டுறா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. பிழை நான் செய்தது.

2

நான் நீட்டும் கடுதாசி எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தவறு விளங்காது.

இங்கே மாநிலத் தேர்தல் முடிந்ததும், கீழ்ச்சபையில் பெரும்பான்மையோரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரை ஆளுநர் அழைத்து அரசு அமைக்கச் சொல்கிறார். அவரே முதல்வர். மற்ற அமைச்சர்களை அவர் தெரிந்தெடுக்கிறார். ஆளுநர் அவர்களை நியமிக்கிறார். ஒவ்வொருவரும் இரண்டு முறை சத்தியம் செய்கிறார்கள். முதலில் நிறைவேற்றுப் பேரவையின் உறுப்பினராக, பிறகு தம் துறையின் அமைச்சராக. ஆளுநருக்கு ஆலோசனை கூறும் உரிமையும் கடமையும் அந்த முதற் சத்தியத்தோடு வருகின்றன.

செவ்வாய்க்கிழமைகளில் பேரவை கூடும்போது நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில் ஆளுநர் அமர்வார். பக்கத்தில் குறைந்தது இரண்டு அமைச்சர்கள் இருக்க வேண்டும். நீதிபதி நியமனம், புதிய ஒழுங்குவிதி, ஒரு பாடசாலைக்காக நிலம் ஒதுக்குவது என வாரந்தோறும் இருபது முப்பது பத்திரங்கள் வரும். ஒவ்வொன்றிலும் உரிய அமைச்சரின் கையொப்பத்தோடு ஒரு பரிந்துரை இருக்கும். வாதம் இல்லை. வாதமெல்லாம் அமைச்சரவையில் ஏற்கெனவே முடிந்திருக்கும். ஆளுநர் சில வேளை ஒரு கேள்வி கேட்பார். பிறகு கையொப்பமிடுவார். கால் மணி நேரத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குறிப்பில், 'ஆளுநர் தீர்மானித்தார்' என்று எழுதிவிட்டேன். என் மேலதிகாரி கிரேம், இப்போது ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒல்லியான மனிதர், அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"இங்கே ஆளுநர் தீர்மானிப்பதில்லை, ஜெசிந்தா. ஆலோசனையின்படி நடக்கிறார். ஆலோசனை சொன்னவர்தான் நாளை மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்."

"அமைச்சர் இல்லாவிட்டால்?" என்று கேட்டேன்.

அவர் உண்மையிலேயே வியந்துபோனார். "அமைச்சர் எப்படி இல்லாமற்போவார்? சபை கலைந்தாலும் புதியவர் சத்தியம் செய்யும்வரை பழையவர் இருப்பார். நாற்காலி ஒரு மணி நேரம்கூடக் காலியாக இருப்பதில்லை."

அந்த வாக்கியத்தை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அது எவ்வளவு ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அக்கா அழைத்தாள். அங்கே பாடசாலை விடும் நேரம் இங்கே மாலை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்குடி. மொதல்ல கை நொழையிற மாதிரி இருந்துச்சு. இப்ப என் கால் முழுசா எறங்குது."

"கால விட்டுப் பாத்தியா? ஏங்க்கா!"

"வேற எத விட்டுப் பாக்கச் சொல்ற?"

அதிகாரிகள் வந்து பார்த்து, மண்சரிவு அபாயம் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாடசாலையை உடனடியாக வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவர்களுடைய சிபாரிசு. இடமும் இருந்தது. தோட்டத்தில் பழைய உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் ஒன்று பூட்டிக் கிடந்தது. மாகாணத்திலிருந்து எழுத்தில் கேட்டால் தருவதாகத் தோட்ட முகாமையாளரான துரை சொன்னார். வலயக் கல்விப் பணிமனையும் தன் பங்குக்கு மேலே எழுதியிருந்தது. பெற்றோரின் கையொப்பங்களோடு நீங்களும் தனியாக ஒரு மனுக் கொடுத்தால் காரியம் விரைவாக நடக்கும் என்று அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர் அக்காவிடம் அக்கறையோடு சொல்லியிருந்தார்.

"யாருக்குடி எழுதணும்? கவர்னருக்கா, கல்வி மந்திரிக்கா?"

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "மந்திரிக்குத்தாங்க்கா. கவர்னரு கையெழுத்து மட்டுந்தான் போடுவாரு. அவருக்கு எழுதுனா கீழதான் அனுப்புவாங்க. நாள் போயிரும்."

"இப்ப மந்திரி இருக்காரா? எலக்சன் வச்சே எத்தன வருசமாச்சு."

"சபை கலைஞ்சாலும் மந்திரிங்க இருப்பாங்க. அடுத்த ஆளு சத்தியம் பண்ற வரைக்கும் பழைய ஆளு கதிரையில இருக்கணும். கதிர காலியா இருக்க ஏலாது."

"அப்படியா? சரிதான், மந்திரி மாத்தயா வீட்டு வாசல்ல போர்டு இன்னும் இருக்கு. நீ அதுலயே கெடக்குறவ. ஒனக்குத் தெரியாததா?"

தொலைபேசியை வைத்துவிட்டு மீதி வெங்காயத்தை நறுக்கினேன். ஊருக்கு உதவியாக ஒரு காரியம் செய்துவிட்ட நிறைவு எனக்கு இருந்தது. அதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை.

4

அக்கா குறிப்பிட்ட மந்திரி மாத்தயா, மாகாண சபை இயங்கிய காலத்தில் கல்வி அமைச்சராக இருந்த ஒரு பெரியவர். சிங்களவர், தமிழும் பேசுவார்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. தோட்டத்து மரண வீடுகளுக்கு வருவார், திருவிழாக்களில் முன்வரிசையில் நிற்பார். சபையின் காலம் முடிந்து ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவர் தோட்டத்துக்கு மந்திரி மாத்தயாதான்.

இது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒருவருக்கு ஒருமுறை கொடுத்த பட்டத்தை நாங்கள் திரும்ப வாங்குவதில்லை. கங்காணி வேலையை விட்டு இரண்டு தலைமுறை ஆன குடும்பத்துக்கு இன்றும் கங்காணி வீடு என்றே பெயர். ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர் சாகும்வரை பெரிய கிளாக்கர் ஐயாதான். 'நீங்கள் இன்னும் அந்தப் பதவியில் இருக்கிறீர்களா?' என்று ஒருவருடைய வாசலில் நின்று கேட்பது, அவர் முகத்தில் அடிப்பதற்குச் சமம். யாரும் கேட்க மாட்டோம்.

பெற்றோர் ஒரு வேன் பிடித்துப் போய் மனுவைக் கொடுத்தார்கள். அவர் எல்லோருக்கும் பிளேன் டீ கொடுத்து, பத்திரத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாராம். என் ஆலோசனையும் எங்கள் ஊரின் மரியாதையும் சேர்ந்து அந்த மனுவைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது. நாங்கள் காத்திருக்கத் தொடங்கினோம்.

5

ஏழு வாரங்கள் கழிந்தன. என் மகள் அனிட்டாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் தமிழ், நடந்து பழகாத செருப்பைப் போல அவளைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எனக்காக மட்டும் போட்டுக்கொள்கிறாள். பாடசாலையில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தாம் வாழும் மாநிலத்தின் அரசு எப்படி அமைகிறது என்று ஒரு படம் வரைய வேண்டும். பக்கத்திலேயே தம் பெற்றோர் பிறந்த இடத்தின் அரசையும் வரைய வேண்டும்.

முதற் படத்துக்கு நான் தேவைப்படவே இல்லை. இரண்டாவதற்கு அழைத்தாள்.

"அம்மா, பெரியம்மாவோட மினிஸ்டர் யாரு? நேம் வேணும்."

நான் பெருமையோடு பக்கத்தில் அமர்ந்தேன். பல்கலைக்கழகத்தில், மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றி நான் எழுதிய விடையை விரிவுரையாளர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறார். ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார் என்று வரையச் சொன்னேன். மக்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மாகாண சபையைத் தெரிவு செய்கிறார்கள். சபையில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரை ஆளுநர் முதலமைச்சர் ஆக்குகிறார். அவர் சொல்லும் நால்வர் மற்ற அமைச்சர்கள். ஆக ஐவர். கல்வி, சுகாதாரம், வீதி, விவசாயம் எல்லாம் இந்த ஐவரிடையே பிரியும். இவர்களே அமைச்சர் வாரியம். ஆளுநர் இவர்களுடைய ஆலோசனையின்படி நடக்க வேண்டும்.

அனிட்டா ஐந்து பெட்டிகள் வரைந்தாள். கணினியில் பெயர்களைத் தேடினாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பாக்ஸ் இருக்கு. ஆள் இல்ல."

"சரியாத் தேடு. இருப்பாங்க."

"இல்லம்மா. எலெக்‌ஷனே இல்ல. கவுன்சிலும் இல்ல, மினிஸ்டர்ஸும் இல்ல. கவர்னர் மட்டும்தான். அவர்தான் எல்லாம் சைன் பண்றார்." அவள் ஐந்து பெட்டிகளையும் அழிக்கத் தொடங்கினாள். "நீ ராங்கா சொல்லிட்ட."

நான் கணினியை என் பக்கம் திருப்பி வாசித்தேன். சபையின் காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, சபையோடு வாரியமும் போயிற்று. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் முழுவதும் ஆளுநர் கையில். செயலாளர்கள் பத்திரம் தயாரிக்கிறார்கள், அவர் தீர்மானிக்கிறார். இவையெல்லாம் செய்தித்தாளில் வந்தவை. நானும் ஒரு காலத்தில் வாசித்தவை. ஆனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த நீண்ட மேசையைப் பார்த்துப் பார்த்து, ஆளுநர் என்றால் ஆலோசனைக்குக் காத்திருப்பவர் என்று என் மூளை பழகிவிட்டது. வாழும் நாட்டின் சட்டத்தைப் பிறந்த நாட்டின் தலையில் வைத்துவிட்டேன். அனிட்டா அழித்த இடத்தில் தாள் சற்றுக் கிழிந்திருந்தது.

அறுபத்துமூன்று பிள்ளைகள் ஏழு வாரங்களாக அந்த மேட்டின் அடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

6

அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "சரி. சனிக்கெழம போறேன்" என்று மட்டும் சொன்னாள். அதுவே எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை நடந்ததை அவளே சொன்னாள். மந்திரி மாத்தயா முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். இவளைக் கண்டதும் குழாயை நிறுத்தவும் மறந்துபோனாராம்.

"அனே, ஐயோ மிஸ், நான் இப்ப மந்திரி இல்லதானே. ஊர்ல எல்லாரும் அப்படிக் கூப்பிடறது."

"அப்ப ஏன் சேர் மனுவ வாங்குனீங்க?"

"நீங்க எல்லாரும் வேன்ல வந்தது. பிளேன் டீ குடிச்சு, சந்தோஷமா பேசினது. சின்னப் பிள்ள ஒண்ணு எனக்குக் கும்பிடு போட்டது. எனக்கு எப்படி மிஸ் சொல்றது?" தெரிந்த செயலாளர் ஒருவருக்கு இரண்டு தடவை தொலைபேசி எடுத்ததாகவும், அவர் மாற்றலாகிப் போய்விட்டதாகவும் சொன்னார். மனு அலமாரியில், உறை மடங்காமல், பத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மனிதர் செய்ததையும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை தம் வாகனத்தில் அக்காவை இரத்தினபுரிக்கு அழைத்துப் போனார். ஆளுநர் அலுவலகத்தில் அவளோடு நுழைவுச் சீட்டு எடுத்து வரிசையில் நின்றார். வாசற் காவலர் அவரை அடையாளம் கண்டு, "மந்திரி சேர், நீங்க உள்ள போங்க" என்றபோது, "நான் மிஸ்ஸுக்குத் துணைக்கு வந்தது" என்று சொல்லி வரிசையிலேயே நின்றாராம்.

உள்ளே அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, மனுவை வாசித்து, அன்றே பதிவு செய்துகொண்டார்கள். ஒரு பெண் உத்தியோகத்தர் நல்ல தமிழில், "ஏன் மிஸ் இவ்வளவு நாள் பிந்தினீங்க?" என்று கேட்டாராம்.

"என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"தெரியாமப் போச்சுன்னு சொன்னேன். ஒன்னய காட்டிக் குடுக்கவா ஏலும்?"

7

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

அக்கா அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. துரையிடம் வாயால் கேட்டு, பிள்ளைகளைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறக்கினாள். மடுவம் என்பது நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. பாடசாலைக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் புறம், மேட்டிலிருந்து விலகி இருக்கிறது. ஒரு மூலையில் பாடம், மறு மூலையில் நிறுவை.

கணக்குப்பிள்ளை முதல் நாளே முறையிட்டாராம். "டீச்சர், நான் நிறுவைய சொன்னா ஒங்க புள்ளைங்க அத்தனையும் சேந்து திருப்பிச் சொல்லுதுங்க. துரை கேட்டா நான் பாடம் நடத்துறேன்னு நெனைப்பாரு."

கூடையோடு நின்ற ஒரு பெண் விட்டுக்கொடுக்கவில்லை. "நடத்துங்க ஐயா, நல்லதுதான். புள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கப்போயி இந்த வாரந்தான் எங்க கொழுந்து சரியா நிறுக்குது."

இதைச் சொல்லி அக்கா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் சொன்ன ஒன்றில் என் சிரிப்பு நின்றது. வரவுப் பதிவேடு மேலே அதிபர் அறையில்தான் இருந்தது. காலையில் மடுவத்தில் பிள்ளைகளை எண்ணித் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு, பத்து மணிக்குத் தனியாக மேலே ஏறிப் பதிவேட்டில் எழுதிவிட்டு வருகிறாள்.

"கீழ கொண்டாந்துருவமா, ஜெசி?"

இங்கேதான் நான் இரண்டாம் முறை ஆலோசனை கூறினேன். எழுத்தில் அனுமதி வரும்வரை பாடசாலை சட்டப்படி மேலேதான் இருக்கிறது. பதிவேட்டை வெளியே கொண்டுவந்தால் பின்னால் விளக்கம் கேட்பார்கள். ஏற்கெனவே அனுமதி இல்லாமல் பிள்ளைகளை மாற்றியிருக்கிறாய். இதையும் சேர்த்துக்கொள்ளாதே என்றேன். ஒரு பத்திரம் பிழைபட்டால் அதன் பின்விளைவு என்ன என்று எடைபோடுவதே என் தொழில். அதைச் செய்தேன். ஒரு மனுஷி அந்த மேட்டின் அடியில் தினமும் கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பதை நான் எடைபோடவில்லை.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்குப் பேரவை கூடியது. தொலைபேசிகளை வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். அன்றைக்கு இருபத்திரண்டு பத்திரங்கள். ஆளுநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், ஒரு பாலத்தைப் பற்றி. அமைச்சர் பதில் சொன்னார். வெளியே வந்தபோது மூன்றே முக்கால். ஊரில் காலை பத்தே கால். தொலைபேசியில் அக்காவின் எண்ணிலிருந்து ஆறு தவறிய அழைப்புகள்.

அவள் வேலை நேரத்தில் என்னை அழைப்பதே இல்லை.

திரும்ப அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். நடைபாதையின் சுவரில் பழைய ஆளுநர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. மூன்றாம் முறை ஓர் ஆண்குரல் எடுத்தது. கணக்குப்பிள்ளை.

"மேடு எறங்கிருச்சுங்க. பள்ளிக்கூடத்து மேலயே வந்துருச்சு."

"அக்கா எங்க? டீச்சர் எங்க?"

"இருங்கம்மா. எண்ணிக்கிட்டு இருக்காங்க."

மழை தகரத்தில் விழும் இரைச்சல். அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது. ஏய், அசையாத, நின்ன எடத்துல நில்லு. நாப்பது." நான் அவளை அழைக்கவில்லை. அவள் எண்ணுவதை அவளோடு சேர்ந்து எண்ணினேன். கிரேம் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பத்தொன்றில் அவள் நிறுத்தினாள். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை நிறுவைத் தட்டின் பின்னால் ஒளிந்திருந்ததாம். பிறகு தொடர்ந்தாள். அறுபத்துமூன்று என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"என்னோட ரூம் போயிருச்சுடி," என்றாள் தொலைபேசியை வாங்கி. "ரெஜிஸ்டரும் போயிருச்சு. பத்து மணிக்கு நான் அங்கதான் இருக்கணும்."

"ஏன் போகல?"

"குடைக்கம்பி ஒடஞ்சு தொங்கிச்சு. மழ கொஞ்சம் விடட்டும்னு நின்னேன்."

8

வியாழக்கிழமை ஆளுநர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாடசாலையை உடனடியாகக் குவாட்டர்ஸ் கட்டடத்துக்கு மாற்ற அனுமதி. அதன் திகதி திங்கட்கிழமை. மேடு இறங்குவதற்கு முந்திய நாள். மனு கையில் கிடைத்த ஒரே வாரத்தில் அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். தெரிவு செய்யப்படாத ஒருவரின் அலுவலகம் ஒரு வாரத்தில் செய்ததை, ஐந்து அமைச்சர்கள் இருந்திருந்தால் அதே விரைவில் செய்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தாமதம் அங்கே நேரவில்லை. அந்த ஏழு வாரங்கள் என்னுடையவை.

ஆனாலும் அந்த வெறுமையான ஐந்து பெட்டிகளை என்னால் மறக்க முடியவில்லை. ஆளுநர் நல்லவராக இருக்கும்வரை எல்லாம் நல்லபடி நடக்கலாம். இல்லாவிட்டால்? இதை அக்காவிடம் கேட்டேன்.

"மந்திரின்னா திட்டலாம்டி," என்றாள். "ஓட்டுக் கேட்டு வருவாருல்ல, அப்ப வாசல்ல வச்சே கேப்பேன். கவர்னரு எதுக்கு எங்க லயத்து வீடுகளுக்கு வரப்போறாரு?"

அனிட்டா தன் படத்தை முடித்துவிட்டாள். முதற் பக்கத்தில் பெட்டிகள் நிறைய. இரண்டாம் பக்கத்தில் ஒரே பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கீழே, ஆசிரியர் கேட்காமலே, ஒரு சின்னக் குடையை வரைந்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். அது எனக்கு முழுதும் விளங்கிவிடும்.

இப்போது மேசைக்கு வரும் ஒவ்வொரு பத்திரத்தையும் இரண்டு முறை திறந்து பார்க்கிறேன். கையொப்பத்தை அல்ல, அதைக் கேட்டவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை நாளாக என்று. நான் மெதுவாகிவிட்டேன் என்று கிரேம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

நேற்று அக்கா மறுபடி அழைத்தாள்.

"குவாட்டர்ஸ் சாவி குடுத்துட்டாங்க. உள்ள ஒரு பெஞ்சு கெடையாது. கரும்பலக கெடையாது. யாருக்குடி எழுதணும்?"

பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் பதில். அதை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியலக்கா. விசாரிச்சுட்டு சொல்றேன்."

"என்னா, தெரியலையா?" என்றாள். பிறகு, "அப்பாடா. இப்பத்தான் எனக்குப் பயம் கொஞ்சம் கொறையுது" என்றாள்.

எனக்குக் குறையவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "அந்தக் குவாட்டர்ஸுக்குப் பின்னால மேடு இருக்காக்கா?"

"ஏண்டி," என்றாள் அக்கா, மிகச் சாதாரணமாக, "மேடு இல்லாத எடம் இங்க எங்க இருக்கு?"